டோலிப்பேட்டையின் நாற்பத்தொன்றாம் வாசல்

கொடைக்கானல் கடைவீதியின் முதுகுப்புறம், இரண்டு ஓட்டல்களின் சமையற்கட்டுகளுக்கு இடையே இறங்கும் கற்படிகள் முடிகிற இடத்தில் டோலிப்பேட்டை இருந்தது. ஊருக்கு நட்டநடுவில் இருந்துகொண்டே ஊரின் பார்வையில் படாமலிருக்க ஒரு குடியிருப்பு எவ்வளவு தாழ்வில் அமைய வேண்டுமோ, அவ்வளவு தாழ்வில் அமைந்திருந்தது. மேலே உலாவும் சீசன்காரர்களுக்கு அதன் தகரக் கூரைகள் மட்டும் தெரியும். அடுப்புப் புகையைப் பனி என்று எண்ணி அவர்கள் கடந்துபோவார்கள்.

மோட்டார் பாதை போடப்படாத காலத்தில், துரைமார்களையும் துரைசானிகளையும், சில சமயம் அவர்களுடைய பியானோக்களையும், அடிவாரத்திலிருந்து தோளில் சுமந்து ஏற்றியவர்கள் தங்கிய இடம் அது. பாதை திறந்த பிறகு டோலிகள் நின்றுபோயின, சுமந்தவர்கள் இறங்கிப்போகவில்லை. டோலிக் கழிகளையே விட்டமாக வைத்து, மண்சுவர் எழுப்பி, அங்கேயே குடியேறினார்கள். தோள் பட்டுத் தேய்ந்த பளபளப்பு அந்த விட்டங்களில் இன்னும் இருந்தது. அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் ரிக்‌ஷா இழுத்தார்கள், சிலர் பங்களாக்களில் பட்லராகவும் ஆயாவாகவும் சேர்ந்தார்கள், சிலர் ஓட்டல் துணிகளை வெளுத்தார்கள். மாரியம்மனுக்கு ஒரு மேடையும் மாதாவுக்கு ஒரு குகைக் கெபியும் எதிரெதிரே இருந்தன. தபால்காரர் படியிறங்க மாட்டார். கடிதங்கள் மேலேயிருந்த ரொட்டிக்கடை விலாசத்துக்கு வரும். யாராவது ரொட்டி வாங்கப் போகும்போது எடுத்துவருவார்கள்.

நாற்பத்தொரு வீடுகள். ஒன்றுக்கும் எண் கிடையாது. எண் போடப்படாமல் இல்லை. போட்ட எண் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. காய்ச்சல் வருஷம் என்று பேட்டை இன்றும் சொல்லிக்கொள்ளும் ஒரு வருஷத்தில், அதிகாரிகள் வந்து சில வாசல்களில் சிவப்பாகக் குறி இட்டார்கள். குறியை அழிக்கக் கூடாது, மருந்து வரும் என்றார்கள். மூன்றாம் நாள் தீப்பந்தம் வந்தது. குறி இருந்த வீடுகளின் கூரைகள் உள்ளே இருந்த பாய் தலையணைகளோடு எரிந்தன. அதிலிருந்து பேட்டைக்கு ஒரு சட்டம் உண்டாயிற்று: அதிகாரி இட்ட குறி எதுவானாலும் விளக்கு வைப்பதற்குள் சுண்ணாம்புக்குள் போய்விட வேண்டும். முதலில் வீடு திரும்புகிறவர் எல்லா வாசல்களுக்கும் சேர்த்து அதைச் செய்துவிட வேண்டும். யுத்த காலத்தில் ரேஷன் கார்டுக்காகத் தாரால் போட்ட எண்களும், பின்னாளில் கொசு மருந்து அடித்தவர்கள் போட்ட கட்டங்களும், குடிக்கணக்கு எடுத்தவர்களின் கோடுகளும் அப்படித்தான் மறைந்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, முதலில் வீடு திரும்பியவள் லீமா. வயது நாற்பது இருக்கும். இரண்டு ஓட்டல்களுக்கும் நான்கு பங்களாக்களுக்கும் துணி வெளுப்பவள். அவள் கணவன் பரமானந்தம் இருபது வருஷம் ரிக்‌ஷா இழுத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன். மூன்று மாதமாகக் கட்டிலோடு கிடந்தான். அவள் மூட்டையை இறக்கி வைப்பதற்குள் அவன் சொன்னான்:

“யாரோ ஆபீசரு வந்தாங்க. சுவத்துல என்னமோ காவியில எழுதிட்டுப் போயிருக்காங்க. திங்கக்கெழம வரைக்கும் ஒருத்தரும் அழிக்கக் கூடாதுன்னு சத்தம் போட்டாங்க.”

“அழிக்கக் கூடாதுன்னா சொன்னாங்க?”

“ரெண்டு தரம் சொன்னாங்க.”

“அன்னைக்கும் இப்படித்தான சொன்னாங்களாம்,” என்றாள் லீமா.

அவன் மறுக்கவில்லை. அவனும் அதே பேட்டையில் பிறந்தவன்.

சீசன் காலமாதலால் மற்ற வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவள் சுண்ணாம்பைக் கரைத்தாள். வெண்மை எடுக்கட்டும் என்று, துணிக்குப் போடும் நீலத்தில் சிறிது சேர்த்துக்கொண்டாள். ஈரத்துணியால் தன் வாசல் காவியை முதலில் துடைத்து மேலே பூசினாள். பிறகு வரிசையாக மற்ற நாற்பது வாசல்கள். மேலே கடைவீதியில் விளக்குகள் எரியத் தொடங்கியபோது அவள் கை கடைசி வாசலில் இருந்தது. சேலையெல்லாம் சுண்ணாம்பு. ஒரு பெரிய கடமையைத் தனியாளாக முடித்த நிறைவோடு திரும்பினாள்.

சற்று நேரத்தில் உபகாரம் படியிறங்கி வந்தான். பெரிய பங்களா ஒன்றில் பட்லர். பேட்டையில் ஆங்கிலமும் தமிழும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். கடைவீதிக்குப் பின்னால் பஸ் நிலையம் வரப்போகிறது, பேட்டை போய்விடும் என்ற செய்தி எட்டு மாதத்துக்கு முன்பு வந்தது. அன்றிலிருந்து மனுவுக்கு மேல் மனுவாக எழுதியவன் அவன். குடியிருப்பவர்கள் என்று பட்டியலில் ஏறும் குடும்பத்துக்கு அட்டுவம்பட்டி ஓரத்தில் இரண்டு சென்ட் மனை. ஏறாதவர்கள் ஜூன் முடிவுக்குள் வெறுங்கையோடு வெளியேற வேண்டும் என்று முடிவாகியிருந்தது. பேர் எழுத ஆள் வருவார்கள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான். சுவரில் எண் போடுவார்கள் என்பது அவனுக்கே தெரியாது. அதை அன்று மாலைதான் கடைவீதியில் கேள்விப்பட்டு, ஓட்டமும் நடையுமாக வந்தான்.

நாற்பத்தொரு வாசல்களும் ஒரே இளநீலத்தில் ஈரமாக இருந்தன.

“யாரு செஞ்சது?”

பக்கத்து வீட்டு வடிவு பெருமையோடு சொன்னாள்: “எல்லாம் லீமாக்காதான். அத்தனை வாசலும் ஒத்தக் கையால. நான் வேலையிலேருந்து வந்து பாக்கேன், கல்யாண வீடு மாதிரி கெடக்கு.”

உபகாரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். “அது நம்மள எரிக்க வச்ச குறி இல்ல, தங்கச்சி. நமக்கு எடம் குடுக்க வச்ச நம்பரு,” என்றான்.

லீமா கையிலிருந்த பூச்சு மட்டையைப் பார்த்தாள். அதிலிருந்து சுண்ணாம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் வெள்ளனே இருவரும் சர்வே அலுவலகத்துக்குப் போனார்கள். எண் போட்ட சர்வேயர் ஞானவேல் கூக்கால் பக்கம் அளக்கப் போய்விட்டார், செவ்வாய்க்கிழமைதான் திரும்புவார். திங்கட்கிழமை சரிபார்க்க வரவேண்டிய அதிகாரி சேனாதிபதி இருந்தார். நரைத்த புருவமும் சளி பிடித்த குரலுமாக, மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாத மனிதர். முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை.

“ஆளெல்லாம் வேலைக்குப் போயிட்டதால பேரு எழுதல. நம்பர் மட்டுந்தான் போட்டிருக்கு. திங்கக்கெழம அந்த நம்பருக்கு நேரே பேர எழுதணும். இப்ப நம்பரே இல்லைன்னா எந்த வீட்ட எதுன்னு நான் எழுதுறது?”

“நாங்கதானுங்க காலங்காலமா இருக்கோம்,” என்றான் உபகாரம்.

“இருப்பீங்க. போன வருஷம் வேற ஒரு ஊர்ல ஒரே ராத்திரியில அம்பது குடும்பத்தக் கொண்டாந்து எறக்குனாங்க. அவங்களும் காலங்காலமா இருக்கோம்னுதான் சொன்னாங்க. நான் நம்பி எழுதினேன். இன்னும் அதுக்குப் பதில் எழுதிக்கிட்டிருக்கேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணு செய்யலாம். சுதந்திரத்துக்கு முந்தி அரசாங்கம் இட்ட அடையாளம் ஏதாச்சும் வீட்டுல இருந்தாக் காட்டுங்க. ரசீது, கார்டு, எதுன்னாலும் சரி. அந்த வீட்ட மட்டும் எழுதுறேன்.”

ரேஷன் கார்டுகள் எப்போதோ அடுப்புக்குப் போயிருந்தன. ரசீது வாங்கும் பழக்கம் பேட்டைக்கு இருந்ததில்லை. திரும்பி வரும் வழியில் உபகாரம் முன்னால் நடந்தான். நாற்பது குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்திய கை தன்னுடையது என்பதை லீமா படிக்குப் படி எண்ணிக்கொண்டு இறங்கினாள். வீடு இல்லாத சலவைக்காரியிடம் யார் துணி போடுவார்கள்? துணி எங்கே போயிற்று என்று வந்து கேட்க ஒரு வாசல் வேண்டாமா? பரமானந்தத்தை எங்கே படுக்க வைப்பது?

மாரியம்மன் மேடையருகே ஒரு வீட்டுச் சுவர் மூலையில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. அவள் நின்றாள். பெயர்ந்த விளிம்பு கட்டைவிரல் கனம் இருந்தது. வெள்ளை, மங்கிய பச்சை, மறுபடி வெள்ளை, இளநீலம் என்று அடுக்கடுக்காக, ஒவ்வொரு கிறிஸ்துமசும் ஒவ்வொரு பொங்கலும் ஒவ்வொரு அதிகாரியின் வருகையும் அதில் இருந்தன.

“அண்ணே,” என்றாள். “காவி தண்ணியில போயிரும். தாரு போகாதுல்ல? யுத்தத்தப்ப ரேஷனுக்குப் போட்டது தாருதான? அத நாம அழிக்கல. மூடித்தான வச்சிருக்கோம்.”

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் டோலிப்பேட்டை தன் சுவர்களைச் சுரண்டியது. வேலைக்குப் போனவர்கள் பாதி நாளில் திரும்பினார்கள். தோசைத் திருப்பி, தேங்காய்த் துருவி, உடைந்த சவரக்கத்தி என்று கையில் கிடைத்ததெல்லாம் கருவியாயிற்று. கனமாக அழுத்தினால் சுண்ணாம்போடு மண்ணும் பெயர்ந்து எண்ணும் போய்விடும். மெதுவாகச் செய்தால் நாள் போதாது. ரிக்‌ஷாக்கார நல்லுசாமி மடமடவென்று கொத்துவதைப் பார்த்து வடிவு கத்தினாள்:

“ஏலே, மெதுவா! உங்க அப்பனுக்குச் சவரம் பண்ற மாதிரி பண்ணு!”

“எங்க அப்பனுக்குத் தாடியே மொளைக்காது மதினி.”

“அப்ப உன் மாமனாரு மொகம்னு நெனச்சுக்க.”

“அப்ப இன்னும் ஓங்கிக் கொத்துவேன்!”

முதல் எண் வடிவின் வாசலில் தெரிந்தது. கறுத்து, விளிம்பு பழுப்பேறி, ஆனால் தெளிவாக இருந்தது. அவள் அதை விரலால் தடவினாள்.

“இது என்ன எழுத்துண்ணே?”

“பதினேழு,” என்றான் உபகாரம்.

“ஐயோ, இத்தன வருஷமா நான் பதினேழா? ஒருத்தரும் சொல்லலியே!”

பேட்டை அன்று சிரித்தது. யுத்தத்துக்குப் பிறகு அந்தப் பள்ளத்தில் புதிதாக ஒரு குடிசை எழ இடம் இருந்ததில்லை. ஆகையால் ஒவ்வொரு சுவருக்குள்ளும் ஓர் எண் இருக்கத்தான் வேண்டும் என்று உபகாரம் கணக்குச் சொன்னான். ஒன்று ஒன்றாக அவை வெளியே வந்தன. சிலவற்றில் பாதி இலக்கம்தான் இருந்தது. அதுவும் போதும் என்றான். லீமா தன் வாசலைத் தொடவில்லை. அழிக்கும்போது தன்னுடையதில் தொடங்கியவள், மீட்கும்போது அதைக் கடைசிக்கு வைத்தாள். கையிலே கொப்புளம் கண்டு உடைந்து சுண்ணாம்பு எரிந்தது. கேட்டவர்களிடம் ஒன்றுமில்லை என்றாள்.

ஞாயிறு மாலை, நாற்பது வாசல்கள் முடிந்தபோது பரமானந்தம் கட்டிலிலிருந்து கேட்டான்: “நம்மளது எப்ப?”

அவள் சுரண்டினாள். மற்ற வாசல்களைப்போல அங்கே கனம் இல்லை. ஐந்தாறு பூச்சுக்குக் கீழே மண் வந்துவிட்டது. மண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. குழி முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகக் கத்திக் கீறல்கள்.

அவளுக்குப் புரிந்தது. மாமியார் பிச்சையம்மாள் காய்ச்சல் வருஷத்தில் இரண்டு தங்கைகளை இழந்தவள். தாருக்குச் சுண்ணாம்பு போதாது, கசிந்து வெளியே தெரியும் என்று, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மீன் அரியும் கத்தியால் எண் இருந்த மண்ணையே தோண்டி எடுத்திருக்கிறாள். பேட்டையிலேயே சுத்தமான வாசல் தன்னுடையது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். லீமாவும் அதை ஒரு பெருமையாகவே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

வடிவு குரலைத் தாழ்த்தி, “அக்கா, ரோடு போடுறவங்ககிட்டத் தார் வாங்கியாரேன். ஒரு நம்பரப் போட்டு, மேல ரெண்டு பூச்சுப் பூசி, காலையில சொரண்டிட்டாப் போச்சு. எந்த ஆபீசருக்குத் தெரியப்போவுது?” என்றாள்.

உபகாரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேண்டாம் என்று சொல்லும் துணிவு அவனுக்கு இல்லை. சரி என்று சொல்லவும் முடியவில்லை. லீமா அவன் முகத்தைப் பார்த்தாள்.

“வேண்டாம் வடிவு. புதுத் தாரு மோந்து பாத்தாலே தெரியும். ஒண்ணு பொய்யின்னு போச்சுன்னா நாப்பதும் பொய்யின்னு போயிரும். ஒரு தரம் எல்லாத்தையும் அழிச்சவ நான். ரெண்டாந்தரமும் அழிக்கச் சொல்றியா?”

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சேனாதிபதி ஒரு பியூனோடு படியிறங்கி வந்தார். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து, தார் எண்ணை நகத்தால் தொட்டுப் பார்த்து, பேர் கேட்டு எழுதினார். பாதி அழிந்த எண்களையும் ஏற்றுக்கொண்டார். வடிவு தன் பெயரை மூன்று தடவை சொன்னாள். மதியத்துக்குள் நாற்பது பெயர்கள் ஏறிவிட்டன. லீமா ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் பின்னாலேயே போனாள். கடைசியில் அவள் வாசலுக்கு வந்தார்கள்.

“நாப்பத்தொண்ணு,” என்று அதிகாரி சர்வேயரின் புத்தகத்தைப் புரட்டினார். “கடைசி நம்பருக்குத் தனிக் குறிப்பு இருக்கு. ‘கிழக்கு மூலை. கதவு பூட்டப்படவில்லை. கூப்பிட்டும் குரல் இல்லை. குடியிருப்பு அன்று.’” நிமிர்ந்தார். “மத்த வீடெல்லாம் பூட்டியிருந்திருக்கு. பூட்டுனா ஆள் இருக்காங்கன்னு அர்த்தம். இது தெறந்தும் கெடந்திருக்கு, சத்தமும் இல்ல.”

லீமா உள்ளே திரும்பிப் பார்த்தாள். பரமானந்தம் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தான்.

“நான் இருந்தேனுங்க.”

“இருந்தா ஏன் குரல் குடுக்கல?”

“இருமல அடக்கிக்கிட்டேனுங்க.” அவன் அதைச் சொல்ல வெட்கப்பட்டான். “சீக்காளி இருக்கான்னு தெரிஞ்சாக் குறி வச்சிருவாங்கன்னு... எங்க ஆத்தா சின்னதுலேயே சொல்லிக் குடுத்தது. ஆபீசரு போற வரைக்கும் போர்வையக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தேன்.”

நாற்பது வீட்டாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இவன் இங்கேயே பிறந்தவன் என்றார்கள், இவன் தகப்பன் டோலி தூக்கியவன் என்றார்கள், விட்டத்தைப் பாருங்கள் என்றார்கள். சேனாதிபதி கையை உயர்த்தினார்.

“நாப்பது பேரும் சாட்சி சொல்லுவீங்க. தெரியும். அன்னைக்கு அம்பது பேரு சொன்னாங்க.”

லீமா அவரைக் குழியின் முன்னால் அழைத்துவந்தாள். “இது எங்க அத்தை கத்தியால சொரண்டுனதுங்க. இங்க நம்பர் இருந்துச்சுங்க. இருந்ததாலதானங்க சொரண்டுனாங்க? இல்லாதத யாருங்க சொரண்டுவா?”

அவர் குழியை வெகுநேரம் பார்த்தார். கீறல்களின் மேல் விரலை வைத்து இழுத்தார். அவருக்கு அது புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. அதனாலேயே அவள் நம்பினாள். அவர் பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார்.

“நான் நம்புறேம்மா. ஆனா சர்வேயரு ஆளில்லைன்னு எழுதிட்டாரு. அதுக்கு மேல என் பேச்ச வைக்க ஒரு அடையாளம் வேணும். கீறல காட்டி எப்படி எழுதுவேன்? எனக்கு மேல இருக்கிறவங்க சுவத்தப் பாக்க மாட்டாங்க, ஏட்டத்தான் பாப்பாங்க. சர்வேயரு நாளைக்கு வந்து குறிப்ப மாத்துனா மாத்தட்டும். கேட்டுப் பாக்குறேன். கூப்பிட்டுச் சத்தமில்லைன்னு அவரு எழுதுனது உண்மைதான?”

பரமானந்தம் தலையாட்டினான்.

பியூன் சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்தான். குழிக்கு மேலே, சுரண்டப்படாத இளநீலத்தின் மீது, பெரிதாக எழுதினான். முதலில் எண். அதன் கீழே ஒரு சொல். அவர்கள் படியேறிப் போனார்கள். மற்ற வீட்டார் ஒவ்வொருவராகத் தம் வாசலுக்கு நகர்ந்தார்கள். கிடைத்ததற்கு மகிழவும் முடியவில்லை.

மறுநாள் உபகாரம் சர்வேயரைப் பார்த்து வந்தான். ‘அழைத்தேன், பதில் இல்லை’ என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லத் தயாராக இல்லை. எழுதியதை மாற்றினால் மாற்றிய காரணத்தை எழுத வேண்டியிருக்கும். உபகாரம் இதைச் சொல்லிவிட்டுப் போகாமல் வாசலில் நின்றான். “இன்னொரு மனு எழுதுறேன் தங்கச்சி,” என்றான். எட்டு மாதமாக அவன் இதே வார்த்தையைச் சொன்ன குரல் வேறு.

பொழுது சாய்ந்தது. மேலே ஓட்டல் விளக்குகள் எரிந்தன. வடிவு சுண்ணாம்புக் கலயமும் மட்டையுமாக வந்தாள். ஒரு நாள் தாமதமாகிவிட்ட கடமையை முடிக்கும் அவசரம் அவள் நடையில் இருந்தது.

“தள்ளுங்கக்கா. வெரசாப் பூசிட்டுப் போயிருறேன். நேத்தே செஞ்சிருக்கணும், கை வரல.”

“வேண்டாம்.”

“வெளக்கு வைக்கிற நேரமாச்சு. குறி இருக்கலாமா?”

“இருக்கட்டும்.”

“அக்கா, அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும். அண்ணன் வாசிச்சுச் சொன்னாரு. நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கு.”

“அதுக்குக் கீழ?”

“இடிக்கணும்னு எழுதியிருக்கு.” லீமா கலயத்தை அவள் கையிலிருந்து வாங்கினாள். “இடிக்கணும்னா ஒரு வீடு இருக்கணும்ல, வடிவு? நாப்பத்தொண்ணாவது வீடு. நேத்துத்தான எழுத்துல ஏறியிருக்கு. இதையும் அழிச்சிட்டா அவங்க என்னத்த வந்து இடிப்பாங்க?”

வடிவு அழத் தொடங்கினாள். லீமா சுண்ணாம்பைச் சாக்கடையில் ஊற்றினாள். நீலம் கலந்த வெண்மை கற்களுக்கிடையே இறங்கி, கீழே ஓடையை நோக்கிப் போயிற்று. பெயின்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை. யாரும் பழக்கத்தில் கை வைத்துவிடக் கூடாதென்று அவள் எழுத்துக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

உள்ளே பரமானந்தம் இருமினான். அடக்காமல், பேட்டை முழுதும் கேட்கும்படி, நெடுநேரம் இருமினான்.